ஆயிரமாயிரம் குழந்தைகளை ஏந்திய கைகள்



தண்டவாளத்தையும் பாலத்தையும் பற்றி எழுத வேண்டிய ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், பிரசவத்தைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1988-ஆம் ஆண்டு. ஜோலார்பேட்டைக்கும் பங்காருப்பேட்டைக்கும் இடையில் ஒரு சிறு நிலையத்தில் எனக்கு வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸ். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டிய என் மனைவிக்கு, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே ஒரு விடியற்காலையில் வலி எடுத்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் டாக்டர் கிடையாது. கேங்மேன் ஒருவருடைய தாயார் அந்தப் பகுதியில் பிள்ளைப்பேறு பார்ப்பவர். எல்லோரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆளனுப்பினேன், வந்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். என் மனைவியின் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, இது என் கைக்கு அடங்குற பிள்ளை இல்லே. குறுக்கே கிடக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. நேரத்தைக் கடத்தாதே."

ஸ்டேஷன் மாஸ்டர் உதவியால் அடுத்து வந்த பாசஞ்சர் வண்டியில் ஏற்றிச் சென்றோம். ஆயாவும் கூடவே வந்தார். வழி நெடுக என் மனைவியின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். ஆயா ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிட்டார்.

அன்று அவர் ஒரு பிரசவமும் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். மருத்துவச்சி என்பவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்ற கேள்வி அன்று என் மனதில் விழுந்தது. அதற்கு நான் தேடித் தெரிந்துகொண்ட விடையைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாவகடாவின் சூலகித்தி

நாம் வாழும் இந்தக் கர்நாடக மாநிலத்திலேயே இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஒருவர் இருந்தார். அவர் சூலகித்தி நரசம்மா. சூலகித்தி என்பது அவருடைய குடும்பப் பெயர் அல்ல. கன்னடத்தில் மருத்துவச்சிக்குச் சூலகித்தி என்று பெயர். தமிழில் 'சூல்' என்றால் கர்ப்பம் என்பதை நாம் அறிவோம். அதே வேர்ச்சொல்தான் இங்கும். தொழிலே பெயருக்கு முன்னால் பட்டமாக வந்து நின்றுவிட்டது.

துமகூரு மாவட்டம், பாவகடா தாலுகா, கிருஷ்ணாபுரம் கிராமத்தைச் சேர்ந்தவர் நரசம்மா. 1920-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. 12 வயதில் திருமணம். பேறு பார்க்கும் வித்தையைத் தம் பாட்டியிடம் கற்றார். ஊருக்கு வந்து போகும் நாடோடி மக்களிடமிருந்து பச்சிலை மருந்துகளையும் தெரிந்துகொண்டார். 1940-இல், தம் 20-ஆவது வயதில், உறவுக்காரப் பெண்ணுக்கு முதன்முதலாகப் பிரசவம் பார்த்தார். அவரே 12 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். பெற்ற வலியும் இழந்த வலியும் அவருக்குத் தெரியும்.

அதன்பின் ஏறத்தாழ 70 ஆண்டுகள் இதே பணி. அவர் கையில் பிறந்த குழந்தைகள் 15,000-க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 200-க்கு மேல், வாரத்துக்குச் சுமார் 4 பிரசவம். மழையோ இருட்டோ, கூப்பிட்ட வீட்டுக்குப் போனார். இதற்காக அவர் கூலி வாங்கியதில்லை. 2014-இல் துமகூரு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், 98-ஆவது வயதில், இதே பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவர் காலமானார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு டாக்டர் பட்டம் என்றால், அது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. அவருடைய கையிலும் கண்ணிலும் ஒரு கல்வி இருந்தது. அந்தக் கல்வியின் பாடங்கள் என்ன? விஞ்ஞானம் அவற்றைப் பற்றி என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பாடம்: சுத்தமான கை

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1840-களில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ஆம் ஆண்டில் டாக்டர்கள் வார்டில் பிள்ளை பெற்ற தாய்மார்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் ஜன்னி கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 100-க்கு 3 பேர்கூட இல்லை. படித்தவர்கள் கையில் சாவு அதிகம்!

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதற்குக் காரணம் தேடினார். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பாடம் படித்த கையோடு பிரசவ வார்டுக்கு வருவதைக் கவனித்தார். 1847-இல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு, 1848-இல், அந்த வார்டின் மரண விகிதம் 100-க்கு 1.27 ஆக இறங்கியது. கிருமிகள் பற்றிய கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே கண்ட உண்மை இது. இருந்தும் அக்காலத்துப் பெரிய டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை என்பது வருத்தத்துக்குரிய செய்தி.

நம் நாட்டில் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தந்தபோது சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். சுத்தமான கை, சுத்தமான படுக்கை, சுத்தமான பிளேடு, கொடியைக் கட்டச் சுத்தமான நூல், வெட்டிய கொடியின் மேல் எதையும் பூசாமல் சுத்தமாக வைத்தல் என ஐந்து சுத்தங்கள். ஒரு காலத்தில் தொப்புளில் சாம்பலும் சாணமும் வைத்ததால் பிஞ்சுக் குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்தன. தாய்மார்களுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம் என்ற இரண்டும் சேர்ந்ததால், 2015-இல் இந்தியாவில் தாய்க்கும் பச்சிளம் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சோப்பும் ஊசியும் சேர்ந்து செய்த மகத்தான காரியம் இது.

இரண்டாம் பாடம்: காத்திருந்து கவனிக்கும் கண்

பெரும்பாலான பிரசவங்கள் தாமாகவே நடந்து முடிபவை. நல்ல மருத்துவச்சி வீணாக அவசரப்பட மாட்டார். ஆனால் காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. ரயில்வேயில் கீமேன் தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்வையிடுவார். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களும் நடக்கிறார். மருத்துவச்சியின் கண்ணும் அப்படிப்பட்டதே.

இந்தக் கவனிப்பை ஒரு வரைபடமாகவே ஆக்கிவிட்டார்கள் என்பது, வரைபடத்தோடு காலம் தள்ளிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆப்பிரிக்காவில் அன்று ரொடீஷியா என்றும் இன்று ஜிம்பாப்வே என்றும் அழைக்கப்படும் நாட்டில், டாக்டர் இல்லாத சிறு பிரசவ நிலையங்களில் மருத்துவச்சிகளே பிரசவம் பார்த்தார்கள். யாரை, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. 1972-இல் ஃபில்பாட் என்ற டாக்டரும் அவருடைய சகாவும் ஒரு தாளில் இரண்டு சாய்கோடுகள் வரைந்து கொடுத்தார்கள். கருப்பையின் வாய் மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது முதல் கோடு. இது எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணி நேரம் தள்ளி இரண்டாவது கோடு. இது செயல் கோடு. தாயின் நிலையைக் குறித்துக்கொண்டே வரும்போது புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது கோட்டைத் தொட்டால், டாக்டர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

சிக்னல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மஞ்சள் விளக்கு கண்டால் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வேகத்தைக் குறைத்து, அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வர வேண்டும். சிவப்பு கண்டால் நின்றே ஆக வேண்டும். மஞ்சளை மதிக்காத ஓட்டுநருக்குச் சிவப்பில் நிற்க முடியாது.

எல்லாப் பெண்களுக்கும் மணிக்கு 1 சென்டிமீட்டர் என்ற ஒரே அளவு பொருந்தாது என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தாளைத் திருத்தி அமைத்தது. புதிய தாளில் ஒரு சிறப்பு உண்டு. தாய்க்குப் பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிறாரா, குடிக்கக் கொடுத்தார்களா என்பதையும் அதில் குறிக்க வேண்டும். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கவனிப்பின் இன்னொரு பகுதி அளப்பது. பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் உதிரப்போக்குதான் உலகெங்கும் தாய்மார்களைக் கொல்லும் முதல் எதிரி. அரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து. ஆனால் துணியில் ஊறிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. நம் கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டக் கிராமங்களில் இதற்காக ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. 2006-இல் வெளியான அந்த ஆய்வில் 1,620 பெண்கள் பங்கேற்றார்கள். பிரசவம் பார்த்தவர்கள் கிராமத்துத் துணைச் செவிலியர்கள். தாயின் கீழ் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் அளவுக் கோடுகள் போட்ட ஒரு பை இருக்கும். அதில் இரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். விலை குறைந்த ஒரு மாத்திரையைக் கொடுத்ததால், பெரும் உதிரப்போக்கு 100-க்கு 12 பேர் என்பதிலிருந்து 6 பேர் அளவுக்குக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு அளவுப் பை, ஒரு மாத்திரை, கவனமுள்ள ஒரு செவிலியர். அவ்வளவுதான்.

மூன்றாம் பாடம்: தக்க நேரத்தில் அனுப்பும் அறிவு

இதற்கு உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விழுப்புரத்தில் அரசு சுகாதார நிலையத்தில் பணியாற்றிய செவிலியர் கதீஜா பீவி. அவருடைய தாயாரும் கிராம செவிலியர்தான். 1990-இல் கதீஜா பீவி வேலையில் சேர்ந்தபோது அவரே கர்ப்பிணி. வயிற்றில் பிள்ளையோடு மற்றவர்களுக்குப் பிரசவம் பார்த்தார். 33 ஆண்டு பணி செய்து 2023-இல் ஓய்வு பெற்றபோது, அவர் பார்த்த பிரசவங்கள் 10,000-க்கும் மேல். அவர் கையில் ஒரு மரணமும் நேரவில்லை என்று பாராட்டப்பட்டு, அரசின் விருதும் பெற்றார்.

இதன் இரகசியம் என்ன? அந்த நிலையத்தில் ஆபரேஷன் வசதி இல்லை. ஆகவே சிக்கல் வரும் என்று தெரிந்த உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். தன்னால் முடியாததை முடியும் என்று சொல்லாததும் திறமையே. "என் கைக்கு அடங்குற பிள்ளை இல்லே" என்று ஆயா சொன்னாரே, அதே திறமை. அனுபவம் குறைந்தவர் பயத்தால் எல்லோரையும் அனுப்புவார். கர்வம் மிகுந்தவர் யாரையும் அனுப்ப மாட்டார். அறிந்தவரே அனுப்ப வேண்டியவரை அனுப்புவார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிலர் இப்போது பழங்காலப் பெருமை பேசி, வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம், ஊசி மருந்து எதுவும் வேண்டாம் என்கிறார்கள். இது ஆபத்தான பேச்சு. 1992-93-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 100-க்குச் சுமார் 26 பிரசவங்களே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21-ஆம் ஆண்டு ஆய்வில் அது 88-க்கு மேல் உயர்ந்துவிட்டது. தாய்மார் மரணமும் பெருமளவு குறைந்தது. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும், கர்நாடகத்தில் 69 பேரும், தமிழ்நாட்டில் 54 பேரும், கேரளத்தில் 19 பேரும் இறந்தார்கள். கேரளத்தால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும் என்பதையே இது காட்டுகிறது. நரசம்மா காலத்தில் அவருடைய கிராமத்துக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. அவரை மதிப்பது என்றால் ஆஸ்பத்திரியை விட்டுவிடுவது அல்ல. அவரிடம் இருந்ததையும் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

நான்காம் பாடம்: கூட இருத்தல்

1988-இல் பாசஞ்சர் வண்டியில் பயணம் செய்து பிறந்த என் மகளுக்கு 2018-இல் முதல் குழந்தை பிறந்தது. வசதியான ஆஸ்பத்திரி. இயந்திரங்கள் எல்லாம் இருந்தன. குறை சொல்லும்படியான சிகிச்சை அல்ல. ஆனால் பிரசவ அறைக்குள் யாரையும் விடவில்லை. என் மனைவி 11 மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நர்சுகள் வந்து வந்து போனார்கள். ஒருவர் முகம் இன்னொரு முறை வரவில்லை. பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். சுவரைப் பார்த்துக்கிட்டே தனியாக் கிடந்ததைத்தான் தாங்க முடியலே."

என் மனைவி பிறகு சொன்னாள், "எனக்கு அன்னிக்கு ரயிலிலே ஆயா இருந்தாங்க. இவளுக்கு யாரும் இல்லே." முப்பது ஆண்டில் நாம் அடைந்த முன்னேற்றமும் தவறவிட்ட ஒன்றும் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

கூட ஆள் இருப்பது வெறும் ஆறுதல் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் விட்டுப் பிரியாமல் கூட இருந்தால், சுகப்பிரசவம் அதிகமாகிறது, ஆபரேஷன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது, தாய்க்கு மனநிறைவு கூடுகிறது என்பது அதன் முடிவு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து இது.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-இலேயே பிரசவத்துக்குத் துணையாள் அனுமதிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2016-இல் மத்திய அரசும், அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு துணையாளை அனுமதிக்கலாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே பிரசவ அனுபவம் உள்ள பெண்ணாக அவர் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மறைவு வசதி உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். இந்த ஏற்பாடு பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை. கேட்காததால் கிடைப்பதில்லை.

ஐந்தாம் பாடம்: பிள்ளை பிறந்த பிறகு

பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சியின் வேலை முடிந்துவிடாது. அந்தக் காலத்தில் அவர் தினமும் வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் குளிப்பாட்டி, பால் கொடுக்கும் முறை சொல்லிக்கொடுத்து, தொப்புளைப் பார்த்து, தாயின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போவார். இப்போது மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்தால் கணவனும் மனைவியும் ஒரு பச்சைக் குழந்தையும் மட்டுமே. ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய சோதனை. மாமியாருக்கு ஊரில் நிலம் நீச்சு. தாயாருக்கு முழங்கால் வலி. அக்கம்பக்கத்தில் பாஷை வேறு.

இந்த நாட்களின் அருமையை விஞ்ஞான முறையில் நிரூபித்தவர்கள் அபய் பாங், ராணி பாங் என்ற டாக்டர் தம்பதியர். மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில், ஓரளவே படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சிளம் குழந்தைகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கச் செய்தார்கள். மருத்துவச்சிகளையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளம் சிசு மரணம் மற்றக் கிராமங்களோடு ஒப்பிடும்போது 100-க்கு 62 பங்கு குறைந்தது. இதைப் பின்பற்றியே இன்று ஆஷா பணியாளர்கள், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள்.

என் மகள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். பால் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், திருஷ்டி என்று ஒருவர் சொன்னார். எங்கள் ஜோகுபாளையத்துத் தெருவில் ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் இருக்கிறார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் முதலில் குழந்தையைக் கேட்கவில்லை. "நீ கடைசியாச் சாப்பிட்டது எப்பம்மா? தூங்கினது எப்போ?" என்று என் மகளைக் கேட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பிடித்துப் பால் கொடுக்கும் முறையைத் திருத்திக் காட்டினார். பிரசவமான முதல் சில நாட்களில் இப்படி அழுகை வருவது சகஜம் என்றும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். ஒரு மணி நேரம் இருந்தார். அவர் போனபோது குழந்தையும் தாயும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆயா மறைந்துவிடவில்லை. அந்த வேலையை ஒரே ஆள் செய்த காலம் போய், இப்போது பலர் பங்கிட்டுக்கொண்டு செய்ய வேண்டிய காலம் வந்திருக்கிறது. அந்தப் பங்கில் ஒன்று நம்முடையது.

நாம் செய்யக்கூடியவை

நம் குடும்பங்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளைக் கீழே தருகிறேன். டாக்டர் சொல்வதற்கு இவை மாற்று அல்ல, துணை.

1. கர்ப்பம் உறுதியானதும் அருகில் உள்ள அரசு சுகாதார நிலையத்தில் பதிவு செய்து 'தாயி கார்டு' வாங்கிக்கொள்ளவும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் ஆபரேஷனும் இலவசம் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ளது.

2. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போதே, "துணைக்கு ஒருவரை உள்ளே விடுவீர்களா?" என்று கேட்கவும். வலி வந்த பிறகு கேட்பதில் பயன் இல்லை.

3. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. அதுவே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

4. முதல் 24 மணி நேரம் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி வைப்பதே சிறந்த கதகதப்பு. தொப்புளில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காமல் உலர்வாக விடவும்.

5. பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைக்க வேண்டாம். பூண்டுக் குழம்பும் இருக்கட்டும், பருப்பும் கீரையும் பழமும் இருக்கட்டும்.

6. தாய்க்கு அதிக உதிரப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், துர்நாற்றமுள்ள கசிவு இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

7. குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால் அல்லது சுட்டால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விட்டால், விலா உள்ளிழுத்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. 108 எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

8. நம் தெருவில், நம் அடுக்குமாடியில் புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், போய்ப் பார்க்கும்போது புத்திமதியைக் கொண்டுபோகாமல் ஒரு பாத்திரம் ரசஞ்சாதம் கொண்டுபோகவும். அரை மணி குழந்தையை வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடவும். அவள் தமிழ்ப்பெண்ணா என்று பார்க்க வேண்டியதில்லை.

குடும்பத்தோடு உட்கார்ந்து சிந்திக்கச் சில கேள்விகள்

நம் வீட்டுப் பெரியவர்கள் யார் கையில் பிறந்தார்கள்? அவர் பெயர் நினைவிருக்கிறதா?

நம் குடும்பத்தில் பிரசவத்தைப் பற்றிச் சொல்லப்படும் வழக்கங்களில் எதை வைத்துக்கொள்ளலாம்? எதை விட்டுவிட வேண்டும்?

நம் தெருவில் யாருக்காவது அடுத்த சில மாதங்களில் குழந்தை பிறக்க இருக்கிறதா? அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு என்னாலேயே முழு விடை சொல்ல முடியவில்லை. பாசஞ்சர் வண்டியில் என் மனைவியின் கையைப் பிடித்து வந்த அந்த அம்மையாரின் பெயரை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. ஆயா என்றே கூப்பிட்டோம், ஆயா என்றே விட்டுவிட்டோம். பிறகு மாற்றலாகி வந்துவிட்டேன். நரசம்மாவுக்குப் பெயருக்கு முன்னால் தொழிலே பட்டமாக நின்றது. எங்கள் ஆயாவுக்குப் பெயரே எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.